கத்திரி வெயிலில் வீடும் வேலையும்: அனகாபுத்தூரிலிருந்து சில குறிப்புகள்

பிள்ளைகளுக்கு முழு ஆண்டு விடுமுறை. நமக்கு லீவு இல்லை. மொட்டை மாடிக்கு வெள்ளை பூச வேண்டும், சம்ப் (நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி) கழுவ வேண்டும், வடாம் பிழிய வேண்டும். எல்லாமே ஏப்ரல், மே மாதங்களில்தான் வந்து நிற்கும். நெசவாளர்கள் வாழும் இந்த ஊரில், தறி இருக்கும் வீட்டில் குடும்பமும் தொழிலும் ஒரே கூரையின் கீழ் நடப்பதைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டவை இவை.

1. கடிகாரத்தை விட்டுவிட்டு வெயிலை வைத்து நாளைப் பிரித்துக்கொள்ளுங்கள். நெசவாளர் தெருக்களில் பாவு நீட்டிக் கஞ்சி போடுவது விடியற்காலை வேலை. வெயில் ஏறினால் நூல் முறுகி அறுந்துபோகும். அதே கணக்குதான் நமக்கும்: மாடி, வாசல், தோட்ட வேலைகள் எட்டு மணிக்குள். அலமாரி அடுக்குவது, பில் கட்டுவது போன்றவை இரவுக்கு. பல்லாவரத்தில் ரயில் பிடித்து கிண்டிக்கும் மாம்பலத்துக்கும் போகிறவர்கள் மாலையில் வந்ததும் எந்த வேலையையும் தொடங்க வேண்டாம். அந்த ஒரு மணி நேரம் பிள்ளைகளுக்கு.

2. அக்னி நட்சத்திரம் ஏறக்குறைய மே 4 முதல் 28 வரை. மாடி வேலையை அதற்கு முன்பே முடித்துவிடுங்கள். முதலில் விரிசல்களை அடைத்து, தரையைக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, பிறகு வெள்ளைப் பூச்சு இரண்டு கோட். சிமென்ட் பூசியிருந்தால் ஈரச் சாக்கு போர்த்தி ஏழு நாளாவது தண்ணீர் விட வேண்டும். பகலில் அதற்கு வீட்டில் ஆள் இல்லையென்றால் அந்த வாரம் சிமென்ட் வேலையைத் தொடங்கவே கூடாது. காய்ந்து வெடித்த பூச்சைக் கொத்தி எடுப்பது இரட்டைச் செலவு.

3. ஒரு வாரத்துக்கு ஒரே ஒரு வேலை. போன வருடம் பெயின்டரையும் பிளம்பரையும் ஒரே வாரத்தில் வரச் சொன்னோம். பூசி முடித்த சுவரைக் குழாய்க்காக உடைத்தார்கள். குழாய் முதலில், சுவர் அடுத்து, பெயின்ட் கடைசி.

4. சம்ப்பில் தண்ணீர் அடிமட்டத்துக்கு வந்த பிறகு கழுவுங்கள். லாரித் தண்ணீருக்கு முந்தின நாளே சொல்லி வையுங்கள். மூடியைத் திறந்து வெகுநேரம் காற்றுப் போக விட வேண்டும். தனியாக யாரும் இறங்கக் கூடாது. மேலே ஒருவர் நின்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்கட்டும். உள்ளே தலை சுற்றினால் குரல் தடுமாறுவதிலிருந்து தெரியலாம். பராமரிப்புக்காகக் கரண்ட் நிறுத்தும் நாளில் இந்த வேலை வேண்டாம், மோட்டார் ஓடாது.

5. வடாமுக்கு ஜவ்வரிசியை இரவே ஊறப்போட்டு, காலை ஐந்து மணிக்குக் கூழ் காய்ச்சினால் ஏழுக்குள் பிழிந்துவிடலாம். உப்பும் காரமும் வாய்க்குச் சற்றுக் குறைவாகவே இருக்கட்டும், காய்ந்தால் இரண்டும் தூக்கலாகத் தெரியும். பழைய பருத்தி வேட்டியில் பிழியுங்கள். மறுநாள் துணியைத் திருப்பிப் பின்பக்கம் தண்ணீர் தெளித்தால் உடையாமல் உரிந்து வரும். காக்கா காவல் பிள்ளைகளுக்கு, நிழலில் உட்கார்ந்து. கூலியாக, கிளறிய சூட்டிலேயே ஒரு கிண்ணம் கூழ்.

6. பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு விடுமுறை முழுவதும் ஒரு பொறுப்பை முழுதாகக் கொடுங்கள்: குடிதண்ணீர்க் கேன் கணக்கு, செடிக்குத் தண்ணீர், பாட்டியின் மாத்திரை நேரம். இடையில் பிடுங்கி நீங்கள் செய்யாதீர்கள். ஒரு மாலை பக்கத்துத் தறிக்கூடத்துக்கும் அழைத்துப் போங்கள். வாழைநாரில் சேலை நெய்கிற ஊர் இது. இங்கே வளரும் பிள்ளை அதைத் தொட்டுப் பார்க்காமல் இருக்கக் கூடாது.

7. பழைய மேஜை, சைக்கிள், டேபிள் ஃபேனுக்குப் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை இருக்கிறது. காலையிலேயே போங்கள். ஃபேனை ஓடவைத்துப் பார்த்த பிறகே பணம்.

8. கரண்ட் மீட்டரை வாரம் ஒரு முறை பாருங்கள். இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படி யூனிட்டுகளுக்கும் விலை கூடும். ஏசியை 26இல் வைத்து, கூடவே ஃபேனை மெதுவாகச் சுற்ற விடலாம்.

9. மே கடைசி வாரம் மழைநீர்த் தொட்டிக்கு. 2003இல் மழைநீர் சேகரிப்பைத் தமிழகம் முழுக்கக் கட்டாயமாக்கியபோது கட்டிய தொட்டிகள் பல வீடுகளில் மண் மூடிக் கிடக்கின்றன. அடையாற்றங்கரையில் இருந்துகொண்டு 2015 வெள்ளத்தையும் பார்த்தோம், கோடையில் லாரிக்கும் காத்திருக்கிறோம். ஜல்லியையும் மணலையும் வெளியே எடுத்து, அலசி, வெயிலில் காயவைத்துத் திரும்பப் போடுங்கள். பிறகு மாடியில் நின்று இரண்டு வாளித் தண்ணீரைக் குழாயில் ஊற்றுங்கள். கீழே பிள்ளை நின்று, "வருதும்மா!" என்று கத்தினால் அடைப்பு இல்லை.