ஜீவனாம்சமா? முதல்ல மனுவைப் போடுங்க!

தங்கச்சிகளே, வீட்டுக்காரர் செலவுக்குக் காசு கொடுக்கிறதை நிறுத்திட்டார்னா, "கொஞ்சம் பொறு, பெரியவங்களை வச்சுப் பேசிக்கலாம்"னுதான் நம்ம வீட்ல சொல்லுவாங்க. தாராளமா பேசுங்க. ஆனா பேச்சு நடக்கும்போதே மனுவையும் போட்டுடுங்க. மனு தாக்கல் பண்ணின தேதியில இருந்துதான் ஜீவனாம்சத்தைக் கணக்கிடணும்னு 2020-ல ரஜ்னேஷ் – நேஹா வழக்குல உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. சமாதானம் பேசியே ஒரு வருஷம் ஓடிட்டா, அந்த ஒரு வருஷக் காசை மறந்துட வேண்டியதுதான்.

விவாகரத்து கேட்டாத்தான் ஜீவனாம்சம் கிடைக்கும்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. அப்படி இல்லவே இல்லை. முன்னாடி 125-வது பிரிவுன்னு சொன்னதுதான் 2024 ஜூலை 1-ல இருந்து பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவோட 144-வது பிரிவு. சேர்ந்து வாழ முடியாத நிலையில இருக்கிற மனைவி, விவாகரத்தாகி மறுமணம் பண்ணிக்காதவங்க, குழந்தைகள், வயசான அம்மா அப்பான்னு தங்களைக் காப்பாத்திக்க வழியில்லாத எல்லாரும் இதுல கேட்கலாம். முறைப்படி கல்யாணம் ஆகாம பிறந்த குழந்தைக்கும் உண்டு. இதுக்கு மதம் தடையில்லை. விவாகரத்தான முஸ்லிம் பெண்களுக்கும் இந்த உரிமை இருக்குன்னு 2024 ஜூலையில உச்ச நீதிமன்றம் உறுதி பண்ணிடுச்சு. வீட்டுக்காரர் ஊருக்கு அலையவும் வேண்டாம். நீங்க இருக்கிற ஊர்க் குடும்ப நல நீதிமன்றத்துலயே போடலாம். அது இல்லாத இடத்துல மாஜிஸ்திரேட் கோர்ட்.

இப்ப முக்கியமான விஷயம். ரெண்டு தரப்பும் வருமானம், சொத்து, கடன் எல்லாத்தையும் எழுதி பிரமாணப் பத்திரம் கொடுக்கணும். கேஸோட பலமே இந்தப் பேப்பர்தான். "மாசம் 20,000 வேணும்"னு மொத்தமா எழுதாதீங்க. வாடகை, கரன்ட் பில், பால், கேஸ் சிலிண்டர், ஸ்கூல் ஃபீஸ், வேன் காசு, அம்மாவோட சுகர் மாத்திரைன்னு ஒவ்வொண்ணா பிரிச்சு எழுதி, ரசீதை வரிசையா பின் பண்ணுங்க. அவர் பக்கத்துக்குச் சம்பள ஸ்லிப், பேங்க் பாஸ்புக் நகல், வண்டி ஆர்.சி., கடையோட போர்டு போட்டோ, ஊர்ல இருக்கிற நிலத்தோட பட்டா நகல்னு எது கையில சிக்குதோ அதை எடுத்து வைங்க. கோர்ட்ல வந்து "எனக்கு வேலையே இல்லை"னு சொல்றவங்க ஏராளம். திடகாத்திரமான ஆள் அப்படிச் சொல்லித் தப்பிக்க முடியாதுன்னு உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லியாச்சு. நீங்க வேலைக்குப் போறதா இருந்தா சம்பளத்தை மறைக்காதீங்க. மறைச்சது தெரிஞ்சா, அப்புறம் நீங்க சொல்ற உண்மையையும் நம்ப மாட்டாங்க.

மெயின் கேஸ் இழுக்கும். அதனால இடைக்கால ஜீவனாம்சத்துக்கும் கூடவே மனு கொடுங்க. நோட்டீஸ் போய்ச் சேர்ந்து 60 நாளுக்குள்ள முடிக்கப் பார்க்கணும்னு சட்டமே சொல்லுது. ஆர்டர் வாங்கியும் பணம் வரலையா? நிலுவையைக் கேட்டு ஒரு வருஷத்துக்குள்ள மனு போட்டே ஆகணும். அந்தக் கெடு தாண்டினா இந்த வழி அடைபட்டுடும்.

அடி, மிரட்டல், வீட்டை விட்டு விரட்டுறது எல்லாம் இருந்தா 2005-ம் வருஷத்துக் குடும்ப வன்முறைச் சட்டம் இன்னும் கைகொடுக்கும். செலவுக்குப் பணத்தோட, அதே வீட்ல தங்குற உரிமையையும் கேட்கலாம். 181-க்கு போன் பண்ணுங்க.

அம்மா அப்பாவைப் பத்தியும் சொல்லிடறேன். 60 வயசு ஆனவங்க 2007-ம் வருஷச் சட்டப்படி ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) ஆபீஸ்ல மனு கொடுக்கலாம். மாசம் 10,000 ரூபாய் வரைக்கும் உத்தரவு போட முடியும். மனுவை விசாரிச்சு முடிக்க 90 நாள்தான் கெடு. மகன் மட்டும் இல்லை, கல்யாணமான மகளுக்கும் அந்தப் பொறுப்பு உண்டு. பிள்ளை பேர்ல வீட்டை எழுதிக் கொடுக்கப் போறாங்கன்னா, "கடைசி வரை பராமரிக்கணும்"ங்கிற நிபந்தனையைச் செட்டில்மென்ட் பத்திரத்துலயே எழுதச் சொல்லுங்க. கவனிக்காம விட்டா பத்திரத்தை ரத்து பண்ணக் கேட்க அந்த ஒரு வரிதான் ஆதாரம்.

வக்கீல் ஃபீஸுக்குப் பயந்து யாரும் நிக்க வேண்டாம். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் சட்ட உதவி இலவசம். உங்க ஊர்க் கோர்ட்ல இருக்கிற சட்டப் பணிகள் குழுவுக்குப் போங்க, இல்லைன்னா 15100-க்குக் கூப்பிடுங்க. இந்த வாரமே செஞ்சுடுங்க, தங்கச்சிகளே.