ஆகாயத்தில் கட்டுச்சாதம்

செங்கற்பட்டில் மின்சார ரயில் ஏறித் திரிசூலத்தில் இறங்கி, எதிரே தெரியும் விமான நிலையத்துக்குப் பெட்டியை இழுத்துக்கொண்டு போகும் வழக்கம் எனக்குப் பல ஆண்டுகளாக உண்டு. தங்கை சிங்கப்பூரில் குடித்தனம் செய்கிறாள். தம்பிக்குத் துபாயில் உத்தியோகம். அம்மா உடன் வந்த பிரயாணங்களிலும் சரி, வராத பிரயாணங்களிலும் சரி, அவள் கட்டிக் கொடுத்த சாப்பாடு மட்டும் என்னோடு வராமல் இருந்ததில்லை. கட்டுச்சாதம் இன்றி ஊர் எல்லையைத் தாண்டுவது அவளுக்குச் சம்மதமே இல்லை. ஆகையால், எந்தப் பதார்த்தம் எந்த வாசலைக் கடக்கும், எது நின்றுவிடும் என்பதை அனுபவத்தில்தான் நான் கற்றுக்கொள்ள நேர்ந்தது.

முதலில் மனத்தில் கொள்ளவேண்டியது, சாப்பாடு எடுத்துப் போகலாமா என்ற கேள்விக்குப் பதில் சொல்லும் அதிகாரம் மூவரிடம் இருக்கிறது என்பதே. பாதுகாப்புச் சோதனை செய்கிறவர்கள் ஒருவர். விமான நிறுவனத்தார் மற்றொருவர். போய் இறங்கும் தேசத்தின் சுங்கத்தார் மூன்றாமவர். ஒருவர் அனுமதித்ததை மற்றவர் தடுக்கலாம்.

லண்டனிலிருந்து புறப்படும் விமானங்களைத் திரவ வெடிமருந்தால் தகர்க்கச் செய்திருந்த சதி 2006 ஆகஸ்டில் வெளிப்பட்டதன் பிறகு, வெளிநாட்டுப் பயணத்தில் கைப்பையில் செல்லும் திரவம் எதுவும் 100 மில்லிக்கு மேற்படாத கலத்தில் இருக்கவேண்டும் என்ற விதி உலகெங்கும் பரவிற்று. திரவம் என்றால் தண்ணீர் மாத்திரம் என்று நாம் நினைக்கிறோம். ஊற்றவோ, வழிக்கவோ, தடவவோ கூடியதெல்லாம் அந்தக் கணக்கில் சேரும். தயிர், நெய், சட்டினி, பாயசம், ஊறுகாய் யாவும் அதில் அடங்கும். அம்மா முதன்முறை என்னோடு வந்தபோது தூக்கில் தயிர்சாதம் பிசைந்து எடுத்து வந்திருந்தாள். சோதனைக்கு நின்ற பெண், மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "தயிர் தளரத் தளர இருக்கும்மா, உள்ளே விட முடியாது, நேரம் இருக்கு, அங்கே உட்கார்ந்து சாப்பிட்டுட்டு வந்துடுங்களேன்" என்றாள். அம்மா அந்த இரும்புப் பெஞ்சியில் உட்கார்ந்து, மாவடுவைக் கடித்துக்கொண்டு நிதானமாகச் சாப்பிட்டு முடித்தாள். அன்றிலிருந்து தயிர்சாதத்துக்குச் சோதனைக்கு முந்திய பெஞ்சிதான் எங்கள் வீட்டில் விதித்த இடம்.

மாவடு விஷயத்தில் நான் செய்த பிசகு வேறு. இடையில் விமானம் மாறிய ஓர் ஊரில் மறுபடியும் சோதனை நடந்தபோது, ஜாடியின் அடியில் நாலைந்து மாவடுகளும் இரண்டு ஸ்பூன் உப்புநீரும்தான் மீந்திருந்தன. ஆனால் அவர்கள் பார்த்தது ஜாடியின் கொள்ளளவை. உள்ளே இருப்பதன் அளவைப் பார்ப்பதில்லை. ஊறுகாயைப் பெட்டியில் வைத்துச் சரக்கறைக்கு அனுப்பிவிடுவதே உசிதம். அப்போதும் ஜாடியைக் கழுத்துவரை நிரப்பலாகாது. விமானத்தினுள் காற்றழுத்தம் ஆறாயிரம் முதல் எட்டாயிரம் அடி உயரத்து மலையில் இருப்பதுபோல் குறைந்துவிடுவதால், மூடியின் கீழ் அகப்பட்ட காற்று விரிந்து எண்ணெயை வெளியே தள்ளும். ஜாடியில் இரண்டு விரற்கடை இடம் விட்டு, மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, இரட்டைப் பையில் கட்டுவது என் வழக்கம்.

கையில் கொண்டுபோக உத்தமமானது, பழைய செங்கற்பட்டு ஜில்லாவில் சேர்ந்திருந்த காஞ்சிபுரத்தின் கோயில் இட்லியே. மிளகும் சீரகமும் சுக்கும் நெய்யும் சேர்ந்து, மந்தாரை இலையில் வெந்து வரும் அந்த இட்லி இரண்டு நாள் கெடாது, சிந்தாது, தொட்டுக்கொள்ள ஒன்றும் வேண்டாம். வேறு இட்லியானால் மிளகாய்ப்பொடியையும் எண்ணெயையும் வீட்டிலேயே தடவிவிட வேண்டும். ஆகாயத்தில் உலர்ந்த காற்றால் நாக்குக்கு உப்பும் இனிப்பும் மட்டாகத் தெரியும் என்பதால், அம்மா இப்போது ஒரு சிட்டிகை உப்பு கூட்டிப் போடுகிறாள்.

திருக்கழுக்குன்றம் வேதகிரீஸ்வரர் சந்நிதியில் அர்ச்சனை செய்த தேங்காய் மூடியைத் தங்கைக்குப் பிரசாதமாக அனுப்ப அம்மா ஆசைப்பட்டதுண்டு. அது கூடாது. கொப்பரை தானே சூடேறித் தீப்பற்றக்கூடிய பொருள்களின் வரிசையில் இருப்பதால், காய்ந்த மூடியையும் அவ்வாறே கருதித் தடுப்பார்கள். சபரிமலை யாத்திரிகர்களின் இருமுடித் தேங்காயைக் கைப்பையில் கொண்டுசெல்ல 2024 அக்டோபரில் அனுமதி தந்தபோதுங்கூட, 2025 ஜனவரி 20 வரை என்று தவணை வைத்தே தந்தார்கள். பிரசாதமாக விபூதியும் குங்குமமும் போதும்.

இறங்கும் தேசத்தின் சட்டத்தை அலட்சியம் செய்வதுதான் எல்லாவற்றிலும் ஆபத்து. நம் குருமாவில் சேரும் கசகசா வளைகுடா நாடுகளில் போதைப்பொருளாகக் கருதப்பட்டுத் தண்டனைக்கு உரியதாகிறது. தம்பிக்கு அரைக்கும் மசாலாப் பொடியில் ஒரு மணிகூட விழாமல் அம்மா பார்த்துக்கொள்கிறாள். கறிவேப்பிலையை அமெரிக்காவுக்குள் விடமாட்டார்கள். அதனோடு வரும் பூச்சி எலுமிச்சைத் தோட்டங்களை அழிக்கும் நோயைப் பரப்பக்கூடும். ஆஸ்திரேலியாவில், கொண்டுவந்த உணவைச் சொல்லாமல் மறைத்தால் அபராதம் விழும். கோவளத்திலும் சதுரங்கப்பட்டினத்திலும் வாங்கும் நெத்திலிக் கருவாட்டை வெளிநாட்டுக்குக் கொண்டுபோகிறவர்கள், அந்நாட்டு விதியை முன்னதாகப் பார்த்து, வாசனை கசியாதபடி காற்றை உறிஞ்சி அடைத்த பையில் பெட்டிக்குள் வைப்பது நலம்.

விமான நிறுவனத்தாரின் நிபந்தனையைச் சீட்டு வாங்குமுன்னரே வாசித்துவிட வேண்டும். குறைந்த கட்டணத்தில் பறக்கும் சில நிறுவனங்கள் வெளியுணவை உள்ளே உண்ணலாகாது என்கின்றன. குழந்தையின் பாலுக்கும் நோயாளியின் மருந்துக்கும் சோதனையின் திரவ அளவு விதியில் விலக்கு உண்டு. டாக்டரின் சீட்டு கையில் இருந்தால் பேச்சு வளராது. சொந்த மதுவை உள்ளே தாமே ஊற்றிக் குடிப்பதைப் பெரும்பாலான நிறுவனங்கள் ஒப்புவதில்லை.

தண்ணீருக்கு, காலி எவர்சில்வர் புட்டியைச் சோதனையில் காட்டி, தாண்டியதும் உள்ளே இருக்கும் குழாயில் நிரப்பிக்கொள்வேன். போன தடவை சிங்கப்பூரிலிருந்து திரும்புகையில் அம்மா, கழுவிக் கவிழ்த்திருந்த அதே தூக்கைப் பையிலிருந்து எடுத்து, என்னைக் கேளாமலே குழாயடிக்குப் போய் நிரப்பிக்கொண்டு வந்தாள்.