நெடுந்தூர ஓட்டமும் தசைச் சிதைவும்

ஆகஸ்டு மாதத்து ஈரக்காற்றில், ஹுசேன் சாகர் ஏரிக்கரையிலே புறப்பட்டு, மேம்பாலங்களில் ஏறியும் இறங்கியும் கச்சிபௌலி மைதானத்தை நோக்கி 42.195 கிலோமீட்டர் ஓட வேண்டிய ஹைதராபாத் மாரத்தானில் கலந்துகொள்ள விரும்பும் அன்பர்கள், கால்வலியினும் கொடியதோர் அபாயம் உண்டென்பதை முன்னரே அறிந்திருத்தல் அவசியம். சக்திக்கு மீறி உழைத்த தசைகள் சிதையும்போது, அவற்றிலுள்ள மயோகுளோபின் என்னும் புரதம் இரத்தத்தில் கலந்து சிறுநீரகங்களைப் பழுதாக்கக்கூடும்.

ஏற்றமே கடினமென்று பலர் எண்ணினாலும், இறக்கத்தில் சரீரத்தின் வேகத்தைத் தாங்கித் தடுக்கும் பொருட்டுத் தொடைத் தசைகள் இழுபட்டபடியே உழைப்பதால், சேதம் அதிகம் நேர்வது அங்கேதான். ஆகவே இறக்கத்தில் ஓடும் பயிற்சியையும் பல வாரங்களுக்கு முன்பே சிறுகச் சிறுகத் தொடங்குக.

ஜுரம் கண்டிருக்கையில் ஓடுவதும், வலி வருமுன்னரே இபுப்ரோஃபென் போன்ற மாத்திரைகளை விழுங்கிவிட்டு ஓடுவதும் சிறுநீரகத்துக்குச் செய்யும் துரோகம் என்றே சொல்வேன். கொழுப்பைக் குறைக்க ஸ்டாட்டின் மருந்து உட்கொள்வோர் முதலில் வைத்தியரைக் கலந்தாலோசிக்க வேண்டும். தாகத்துக்கேற்ப நீர் அருந்துக. அளவின்றிக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து அதுவே ஆபத்தாகும்.

ஓட்டம் முடிந்த ஓரிரு தினங்களில், சிறுநீர் பால் கலவாத தேநீரின் நிறத்தில் இறங்கினாலோ, அதன் அளவு குறைந்தாலோ, தசைகள் வீங்கி எழுந்து நிற்கவும் இயலாத பலவீனம் கண்டாலோ, கைவைத்தியத்தில் காலம் கடத்தாது உடனே மருத்துவமனைக்குச் சென்று, ஓடிய தூரத்தையும் உட்கொண்ட மாத்திரைகளையும் மறைக்காமல் கூறி, கிரியாட்டின் கைனேஸ் இரத்தப் பரிசோதனை தேவையா என்று கேட்டறிக.