தடிமலுக்குப் பின் தலைச்சுற்று

கேள்வி: என் கணவருக்கு 46 வயது, ஆழ்கடலுக்குப் போகிறவர். தடிமலும் காய்ச்சலும் விட்டு ஒரு கிழமையில், சுபஹுக்கு எழும்பும்போது வீடே சுழன்று, ஓயாத சத்தி. ஆஸ்பத்திரியில் பரிசோதித்து, மூளையில் ஒன்றுமில்லை, வைரஸால் காது நரம்பில் அழற்சி என்றார்கள். மூன்று கிழமையாகியும் நடையில் தள்ளாட்டம். தலைச்சுற்றுக் குளிசையை விடப் பயப்படுகிறார். காதுக்குள் எண்ணெய் விடச் சொல்கிறார்கள் பக்கத்து வீட்டார். எப்போது கடலுக்குப் போகலாம்?
– வாசகி, சாய்ந்தமருது

பதில்: சகோதரி, எண்ணெய் வேண்டாம். கோளாறு செவிப்பறைக்கும் அப்பால், உட்காதிலிருந்து மூளைக்குப் போகும் சமநிலை நரம்பில். ஒருபக்கத் துடுப்பு ஓய்ந்தால் தோணி சுழலுமே, அதுதான் நடந்திருக்கிறது. உடம்பில் பதுங்கிக் கிடந்த ஹெர்ப்பிஸ் வைரஸ் மறுபடி தலைதூக்குவதைச் சந்தேகிக்கிறார்கள். ஆனாலும் அந்த வைரஸுக்கான மருந்தால் பயனில்லை என்று 2004இல் வெளியான ஜெர்மன் ஆய்வு காட்டிவிட்டது.

எனக்குக் கவலை அந்தக் குளிசைதான். ஸ்டெமெட்டில் போன்றவை முதல் இரண்டு மூன்று நாட்களுக்கு, சத்தியை அடக்கத்தான். ஒரு காதின் குறையை மூளை மெல்லப் பழகிக்கொள்ள வேண்டும். தொடர்ந்து விழுங்கினால் அந்தப் பழக்கமே தள்ளிப்போகும். டொக்டரிடம் கேட்டு நிறுத்தச் சொல்லுங்கள்.

மருந்து என்றால் இனி அசைவுதான். 1940களில் லண்டனில் கோத்தோர்ன், குக்சி என்ற இரு மருத்துவர்கள் வகுத்த பயிற்சிகள் இன்றும் கைகொடுக்கின்றன. கையை நீட்டிக் கட்டைவிரலைப் பார்த்தபடி தலையை இடம் வலமாகவும் மேலும் கீழுமாகவும் ஆட்டட்டும். முதலில் இருந்துகொண்டு, பிறகு நின்று, பிறகு நடந்து. கொஞ்சம் சுற்றத்தான் செய்யும். சுற்றினால்தான் மூளை கற்கும். தொழுகையைக் கதிரையிலிருந்து தொழுதாலும் சலாம் கொடுக்கும்போது தலையை முழுதாகத் திருப்பட்டும். சுஜூதிலோ படுக்கையில் புரளும்போதோ சில வினாடி மட்டும் சுற்றினால் அது வேறு: உட்காதின் நுண்கற்கள் இடம் மாறியது. அதைத் தலையைத் திருப்பிப் படுக்கவைத்தே டொக்டர் சரிசெய்வார்.

காது கேட்பது குறைந்தால் அன்றைக்கே காது, மூக்கு, தொண்டை நிபுணரைக் காண வேண்டும். பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை, கைகால் விழுதல், நிற்கவே முடியாமை – இவை பாரிசவாதத்தின் அடையாளம். உடனே 1990க்கு அழையுங்கள்.

கடல்? இப்போது அவரைத் தாங்குவது கண்ணும் பாதமும். இரவில், ஆடும் படகில் இரண்டும் கைவிடும். தண்ணீருக்குள் விழுந்தால் மேல் எது கீழ் எது என்றே தெரியாமல் போகலாம். இருட்டிலும் தள்ளாடாமல் நடந்து, டொக்டரும் சம்மதிக்கும்வரை படகும் மோட்டார் சைக்கிளும் வேண்டாம். பெரும்பாலோர் சில கிழமைகளில் தேறுவார்கள், சிலருக்கு மாதங்களாகும். சும்மா இருக்க முடியாதென்றால் பகலில் கரைவலை இழுக்கப் போகட்டும்.