டிஜிட்டல் போர்ட்ஃபோலியோ: வகுப்பறைக்கு அக்காவின் டிப்ஸ்

தங்கச்சி, இந்த வருஷம் உன் அஞ்சாம் வகுப்புக்கு டிஜிட்டல் போர்ட்ஃபோலியோ ஆரம்பிக்கப் போவதாகச் சொன்னாய். நல்ல முடிவு. எந்த ஆப் நல்லது என்று கேட்டிருந்தாய். அதை அப்புறம் சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒன்றை மனசில் ஏற்றிக்கொள். இந்தத் தொகுப்பு அதிகாரியிடம் காட்டவும் இல்லை, பெற்றோரை அசத்தவும் இல்லை. ஜூனில் தான் எழுதியதை அந்தப் பிள்ளையே அக்டோபரில் எடுத்துப் பார்க்க வேண்டும். அதற்காகத்தான் இவ்வளவு பாடும்.

தமிழ்நாட்டில் 2012-13இல் முப்பருவ முறை வந்தபோது வளரறி மதிப்பீட்டுக்கு 40 மதிப்பெண் ஒதுக்கினார்கள். நோக்கம் அருமையானது. ஆனால் பல பள்ளிகளில் என்ன ஆனது? சார்ட்டும் மாடலும் பீரோ நிறையச் சேர்ந்தன. பாதியை வீட்டில் அப்பா, அம்மா செய்து கொடுத்தார்கள். ஆய்வுக்கு ஆள் வரும் அன்றைக்குத் தூசி தட்டி வெளியே எடுத்தார்கள், அவ்வளவுதான். அதே சரக்கைப் போட்டோ பிடித்து டிரைவில் ஏற்றினால் பீரோவில் இடம் மிச்சமாகும், பிள்ளைக்கு ஒன்றும் மிச்சமாகாது.

தப்பையும் படம் பிடி

நம் கை இயல்பாகவே அழகான பக்கத்தைத் தேடிப் போகும். முத்து முத்தான கையெழுத்து, கலர் அடித்த படம், முழு மார்க் வாங்கிய கணக்கு. இவற்றை மட்டும் சேர்த்தால் அது ஆல்பம் ஆகிவிடும்.

402-இலிருந்து 178-ஐக் கழிக்கச் சொல். வகுப்பில் இரண்டு பேராவது 376 என்று எழுதுவார்கள். கவனக்குறைவு என்று சிவப்பு மையால் சுழித்துவிட்டுப் போகாதே, உற்றுப் பார். இரண்டிலிருந்து எட்டு போகாது என்பதால் பிள்ளை எட்டிலிருந்து இரண்டைக் கழித்து 6 போட்டிருக்கும். பூஜ்ஜியத்திலும் அதேதான்: ஏழிலிருந்து பூஜ்ஜியம், 7. நாலிலிருந்து ஒன்று, 3. ஒவ்வொரு இலக்கத்திலும் பெரியதிலிருந்து சிறியதைக் கழிப்பது என்று அது தனக்கே ஒரு விதி வைத்துக்கொண்டிருக்கிறது. அந்தப் பக்கத்தை அப்படியே போட்டோ எடு. கடன் வாங்குவதை மணிச்சட்டத்தை வைத்துச் சொல்லிக் கொடு. சில வாரம் கழித்து அதே கணக்கை மறுபடி கொடு. 224 வந்ததும் இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, “முன்னாடி என்ன நினைச்சுப் போட்டே? இப்ப என்ன மாறிச்சு?” என்று கேள். அது தன் வாயால் சொல்லும் பதில்தான் இந்தத் தொகுப்பிலேயே விலை மதிப்புள்ளது. முடிந்தால் அதையும் போனில் பதிவு செய்துவிடு.

வாசிப்புக்குக் குரல்

தமிழ் வாசிப்புக்குப் போட்டோ போதாது. வருஷ ஆரம்பத்தில் பாடப்புத்தகத்தில் ஒரு பத்தியை ஒவ்வொரு பிள்ளையையும் வாசிக்கச் சொல்லி, ஒரு நிமிஷம் ஒலிப்பதிவு எடு. காலாண்டு முடிந்ததும் அதே அளவு கடினமான வேறொரு பத்தி. பழைய பதிவை வகுப்பு நடுவில் போடாதே. தனியாகக் கூப்பிட்டு, காதில் இயர்போனை வைத்துக் கேட்கவிடு. எழுத்துக் கூட்டித் திணறிய தன் குரலையும், சொல் சொல்லாக ஓடுகிற இப்போதைய குரலையும் அடுத்தடுத்துக் கேட்கும்போது பிள்ளையின் முகத்தைப் பார். ‘மழை’யை ‘மளை’ என்று சொன்னதை நீ எடுத்துக் காட்டவே வேண்டாம், அதுவே பிடித்துவிடும். நோட்டுப் புத்தகம் செய்ய முடியாத காரியம் இது. டிஜிட்டல் என்று நாம் மெனக்கெடுவதற்கு இது ஒன்றே போதுமான காரணம் என்பேன்.

மார்க் போடாதே

இதில் நான் கறார். இஸ்ரேலில் ஐந்து, ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்து ரூத் பட்லர் செய்த ஆய்வு 1988இல் வந்தது. வெறும் குறிப்பு மட்டும் பெற்ற பிள்ளைகள் நன்றாக முன்னேறினார்கள், ஆர்வமும் குறையவில்லை. மதிப்பெண்ணோடு சேர்த்துக் குறிப்பு பெற்றவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. நமக்கும் தெரிந்ததுதானே? பேப்பர் கைக்கு வந்ததும் பிள்ளையின் கண் எண்ணைத் தேடும், அடுத்து பக்கத்து பெஞ்சுக்காரன் எண்ணைத் தேடும். நாம் எழுதியதை யார் படிக்கிறார்கள்?

இன்னொரு காரணமும் உண்டு. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலம் 1990களின் தொடக்கத்தில் மாணவர் தொகுப்புகளுக்கு மாநிலம் முழுக்க மதிப்பெண் போட்டுப் பார்த்தது. ஒரே தொகுப்புக்கு ஆளுக்கு ஒரு மதிப்பெண் வந்தது என்று அதை ஆராய்ந்த ராண்ட் நிறுவனத்தார் சொன்னார்கள். அதனால் மார்க் வேலையைத் தேர்வுக்கு விட்டுவிடு. தொகுப்பில் இரண்டு வரி போதும்: எது சரியாக வந்திருக்கிறது, அடுத்து எதைச் செய்து பார்க்கலாம். ‘வெரி குட்’ அந்த இரண்டில் எதுவும் இல்லை.

பிள்ளை தேர்ந்தெடுக்கட்டும்

ஒரு பிள்ளைக்கு மாதத்துக்கு மூன்று பக்கம் போதும். ஒன்று உன் தேர்வு, இரண்டு பிள்ளையின் தேர்வு. “இதை ஏன் எடுத்தே?” என்றால் முதலில் “நல்லா இருக்கு மிஸ்” என்றுதான் வரும். விடாதே. “எந்த இடம் கஷ்டமா இருந்துச்சு? திரும்ப எழுதினா எதை மாத்துவே?” என்று கேள். ஓரிரு மாதத்தில் பதில் நீளும்.

இனி ஆப், போன் சமாசாரம்

சீசா, கூகுள் கிளாஸ்ரூம், பேட்லெட் என்று எத்தனையோ இருக்கின்றன. உனக்குக் கூகுள் டிரைவே போதும். உன் சொந்தக் கணக்கில் செய்யாதே. வகுப்புக்கென்று தனி மெயில் ஐடி திற. இலவசமாக 15 ஜிபி. ஒரு போட்டோ 3 எம்பி என்றே வைத்துக்கொள், முப்பது பிள்ளைக்கு மாதம் மூன்று, பத்து மாதத்துக்கு 2.7 ஜிபிதான் வரும். ஒலிப்பதிவு இன்னும் சின்னது. இடத்தை விழுங்குவது வீடியோதான், ஒரு நிமிஷமே நூறு எம்பி அளவுக்குப் போகும். நாடகம், சோதனை மாதிரி அசைவு தேவைப்படுகிற இடத்தில் மட்டும் எடு.

நோட்டை ஜன்னல் ஓரம் வைத்து, பிளாஷ் இல்லாமல் படம் எடு. உன் தலை நிழல் விழாமல் பார்த்துக்கொள். வாட்ஸ்அப்பில் அனுப்பி ஏற்றினால் பென்சில் எழுத்து மங்கிவிடும். டிரைவிலேயே உள்ள ஸ்கேன் வசதியைப் பயன்படுத்து. பிள்ளைக்கு ஒரு ஃபோல்டர். கோப்புக்கு ‘2025-06-18-கணக்கு’ என்று வருஷத்தை முன்னால் வைத்துப் பெயர் கொடு. தேதி வரிசை தானாக நிற்கும். இல்லையென்றால் டிசம்பரில் தேடித் தேடிக் கண் பூத்துப் போகும்.

தினமும் எல்லாரையும் பிடிக்கப் பார்க்காதே. நாளைக்கு இரண்டு பேர் என்று வைத்துக்கொண்டால் மூன்று வாரத்தில் ஒரு சுற்று வந்துவிடும். வீட்டில் போன் இருக்கிற பிள்ளை, இல்லாத பிள்ளை என்ற பேதம் இதில் வரவே கூடாது. எடுப்பது, பார்ப்பது எல்லாம் பள்ளியிலேயே நடக்கட்டும். மேல் வகுப்பு என்றால் ஹைடெக் லேபில் பிள்ளைகளே ஏற்றப் பழக்கலாம்.

பிள்ளைகளின் அந்தரங்கம்

2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாதவர்களின் தகவலுக்குப் பெற்றோர் சம்மதத்தைக் கேட்கிறது. பள்ளிகளுக்குச் சில விலக்கு இருந்தாலும், நீ பெற்றோர் கூட்டத்திலேயே விஷயத்தைச் சொல்லிக் கையெழுத்து வாங்கிவிடு. நோட்டுப் பக்கம் போதும், முகம் எதற்கு? ஃபோல்டருக்குப் பெயருக்குப் பதில் வரிசை எண் போடு. கேமராவில் இருப்பிடப் பதிவை அணைத்துவிடு. ‘லிங்க் உள்ள எவரும் பார்க்கலாம்’ என்ற வசதியைத் தொடவே தொடாதே. ஸ்டேட்டஸில் ஒரு படம்கூடப் போகக் கூடாது, எவ்வளவு ஆசையாக இருந்தாலும் சரி.

வருஷக் கடைசியில் ஒவ்வொரு பிள்ளையும் ஐந்தே ஐந்தைத் தேர்ந்தெடுக்கட்டும். அதில் தப்பான கணக்கு ஒன்றும் முதல் வாசிப்புப் பதிவும் கட்டாயம் இருக்கட்டும். ஆறாம் வகுப்பு டீச்சரிடம் அதைக் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து ஒருமுறை சேர்ந்து பாருங்கள். பெற்றோர் கேட்டால் பென் டிரைவில் ஒரு பிரதி கொடு. மற்றதை மே மாதத்துக்குள் அழித்துவிடு.