கண்ட காசும் காணாத பூவும்



அண்மையில் தேக்காச் சந்தையில் வெற்றிலை வாங்கினேன். கடைக்காரர் மீதியாகப் பத்துக் காசு ஒன்று தந்தார். வீடு திரும்பியதும், அக்காசைச் சட்டைப்பையிலிருந்து எடுக்காமலே அதன் உருவத்தைத் தாளில் வரைய முயன்றேன். ஒரு பக்கம் நாட்டுச் சின்னம். மறுபக்கம் மல்லிகை மலர். பெருமிதத்தோடு காசை எடுத்துப் பார்த்தால், மலரைக் காணோம். அடுக்குமாடி வீடுகள் நின்றன! மல்லிகை 1985ஆம் ஆண்டில் வெளிவந்த வரிசைக்குரியது. வீடுகள் 2013ஆம் ஆண்டு வரிசைக்குரியவை. அன்றாடம் கண்ட காசை என் மனம் பதித்துக்கொள்ளவே இல்லை.

இத்தவறு எனக்கு மட்டும் உரியதன்று. 1979ஆம் ஆண்டில் நிக்கர்சன், ஆடம்ஸ் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர், தம் நாட்டு ஒரு சென்ட் காசை நினைவிலிருந்து வரையுமாறு சிலரைக் கேட்டனர். அக்காசில் உள்ள எட்டுக் கூறுகளுள் மூன்றுக்கு மேல் சரியான இடத்தில் வரையப் பாதிப் பேருக்கு இயலவில்லை.

காரணம் யாது? விழித்திரையில் விழும் ஒளி எழுப்பும் நரம்புக் குறிப்புகள், பார்வை நரம்பின் வழியே மூளையின் பிடரிப் பகுதியை அடைகின்றன. கண் முன்னே இருக்க, பார்க்கும் இடமோ பின்னே! அங்கே கோடு, நிறம், அசைவு ஆகியவை பிரித்தறியப்படுகின்றன. பின்னர், காதுகளை ஒட்டிய பக்கப் பகுதிகளில், கண்ட உருவம் பழைய நினைவுகளோடு ஒப்பிடப்படுகிறது. புதிய நினைவு பதிவதற்குக் கடற்குதிரை வடிவிலான ஓர் உறுப்பு அங்கே துணைபுரிகிறது. ஆனால் நாம் கருத்தூன்றாதவை பெரும்பாலும் பதியாமலே போய்விடுகின்றன. கடையில் காசை அடையாளம் காண அதன் அளவும் எண்ணும் போதும், படம் எதற்கு? மூளையைக் குறைகூற வேண்டா.

சொல்வதெழுதுதலில் ‘பறவை’யைப் ‘பரவை’ என எழுதிவிட்டு, “நாள்தோறும் படித்த சொல்லாயிற்றே!” என்று கண்கலங்கும் பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன். அவர்கள் மந்தமானவர் அல்லர். படிக்கும்போது சொல் கண்முன் இருக்கிறது. அடையாளம் கண்டால் போதும். எழுதும்போதோ அதை உள்ளிருந்து வரவழைக்க வேண்டும். இவ்விரண்டும் வெவ்வேறு வேலைகள். ஆகவே சொல்லைப் பத்து முறை பார்ப்பதைவிட, ஒருமுறை உற்றுநோக்கிப் புத்தகத்தை மூடி எழுதுங்கள். பிறகு திறந்து ஒப்பிடுங்கள்.

நம் காசில் நாட்டின் பெயர் நான்கு மொழிகளிலும் சின்னத்தைச் சூழ்ந்திருக்கிறது. தமிழ் எழுத்துகள் எப்பக்கம் உள்ளன? முதலில் வரைந்து பாருங்கள். காசைப் பிறகு எடுக்கலாம்.