சுடுவதற்கு முன் அறுத்துப் பாருங்கள்

அன்புள்ள வாசகருக்கு,

மண்பாண்ட வகுப்பில் சேர்ந்து சில மாதங்கள் ஆகியும் ஒரு கிண்ணம்கூட நேராக வரவில்லை, இந்தக் கைக்கு இது வாய்க்காதோ என்று கேட்டிருந்தீர்கள். வாய்க்கும். ஆனால், வனைந்த எதையும் கலைக்க மனமில்லாமல் அத்தனையையும் காயவைத்துச் சூளைக்கு அனுப்புவதாக எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் உங்கள் கற்றல் தடைபடுகிறது என்று நினைக்கிறேன்.

எவ்வளவு காய்ந்தாலும், சுடாத களிமண்ணைத் தண்ணீரில் ஊறவைத்தால் மறுபடி சேறாகிவிடும். பிசைந்து மீண்டும் சக்கரத்தில் வைக்கலாம். சூளையில் ஏறத்தாழ 600 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிட்டால், மண்ணோடு வேதிப்பிணைப்பில் இருந்த நீரும் வெளியேறிவிடுகிறது. அதன்பின் எத்தனை நாள் ஊறவைத்தாலும் அது இளகாது. ஆகவே, பிழை செய்யவும் திருத்தவும் மண் இடம் தருவது சூளைக்கு முன்புதான். அந்தச் சலுகையை முழுதாகப் பயன்படுத்துங்கள்.

கொஞ்ச காலத்துக்கு ஒரே வடிவம், ஒரே எடை போதும். அரை கிலோ மண், ஒரு கிண்ணம். வனைந்து முடித்ததும் கம்பியால் விளிம்பிலிருந்து அடிவரை இரண்டாக அறுங்கள். வெளியே தெரியாத குறை வெட்டுமுகத்தில் தெரிந்துவிடும். சுவர் கீழே தடித்து மேலே மெலிந்திருந்தால், அடியில் இருக்கும் மண்ணை விரல்கள் மேலே ஏற்றவில்லை. ஒரு பக்கம் தடிப்பு, எதிர்ப்பக்கம் மெலிவு என்றால், மண் நடுவில் அசையாமல் நிற்பதற்குள் குழித்துவிட்டீர்கள். அடி மிகத் தடித்திருந்தால் சுவர் முந்திக் காய்ந்து சுருங்கும், அடி பிந்தும். அந்த இழுபறியில் விரிசல் விழும்.

ஒரு கிண்ணத்தில் ஒரு குறையை மட்டும் கண்டுகொள்ளுங்கள். அடுத்ததில் அதை மட்டும் திருத்தப் பாருங்கள். பார்க்காமல் வனைந்துகொண்டே போனால் அதே பிழைதான் கையில் ஊறும்.

சீரான சுவருக்கு இத்தனை பாடா என்று தோன்றினால், இசைக்கருவியான மானாமதுரைக் கடத்தை நினைத்துப் பாருங்கள். உள்ளே கல்லை அணைகொடுத்து, வெளியே மரப்பலகையால் தட்டித் தட்டியே அதன் சுவரைச் சமப்படுத்துகிறார்கள். தடிப்பு மாறினால் நாதமும் மாறிவிடும். கண்ணுக்கு அழகாகத் தெரிவது அங்கே போதாது. வித்வானின் விரல் பட்டதும் சுவர் உண்மையைச் சொல்லிவிடும்.

ஒரே வடிவத்தைத் திரும்பச் செய்வது அலுப்பூட்டும் என்று அஞ்ச வேண்டாம். இங்கிலாந்தின் செயின்ட் ஐவ்ஸில் பெர்னார்ட் லீச்சும் ஹமாடா ஷோஜியும் 1920-இல் தொடங்கிய மண்பாண்டப் பட்டறையில், பழக வந்தவர்கள் அன்றாடக் குவளைகளையும் கிண்ணங்களையும் குறித்த அளவில் மீண்டும் மீண்டும் வனைந்தார்கள். அங்கே பயின்ற வாரன் மெக்கன்சி, அமெரிக்காவின் மினசோட்டாவுக்குத் திரும்பிய பிறகும் வாழ்நாள் முழுவதும் வீட்டுப் புழக்கத்துக்கான பாண்டங்களையே விரும்பிச் செய்தார். வடிவம் மாறாமல் இருந்தால்தான் நேற்றைய கிண்ணத்தையும் இன்றைய கிண்ணத்தையும் பக்கத்தில் வைத்து, கை எங்கே தேறியிருக்கிறது என்று பார்க்க முடியும். அது தெரியத் தொடங்கியபின் அலுப்பு வராது.

அறுத்த மண்ணைத் தொட்டியில் போட்டு ஊறவையுங்கள். அடுத்த கடிதத்தில், கிண்ணம் அழகாக வந்ததா என்பதைவிட, வெட்டுமுகத்தில் என்ன கண்டீர்கள், அடுத்த முறை எதை மாற்றினீர்கள் என்று எழுதுங்கள். அதைப் படிக்கத்தான் எனக்கு ஆவல்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்